தொட்டால் பேசும் பேனா: ஒரு பிரெஞ்சு மொழித்தொகுப்புடன் ஆறு மாதம்

எங்கள் மகள் இரண்டாம் வகுப்புக்குச் சென்றபோது பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை பிரெஞ்சு மொழி தொடங்கியது. வீட்டில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாது. வகுப்பில் கேட்டதை வீட்டில் மீண்டும் ஒருமுறை கேட்க வழி வேண்டுமே என்ற கவலையில்தான் பேசும் பேனாவுடன் கூடிய சிறுவர் மொழித்தொகுப்பு ஒன்றை வாங்கினோம். ஏழு வயது மகளும், அக்காள் தொடுவதையெல்லாம் தானும் தொட்டாக வேண்டும் என்று நிற்கும் ஐந்து வயது மகனும் அதை ஆறு மாதமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். இத்தகைய தொகுப்புகள் பல பெயர்களில், ஏறத்தாழ ஒரே அமைப்பில் வருகின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டுப் பொருளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்டிக்குள் பேனா ஒன்று, எட்டுப் படப்புத்தகங்கள், இருநூறு படஅட்டைகள், அவற்றை அடுக்கி வைக்க ஐந்து தடுப்புகள் கொண்ட ஓர் அட்டைப்பெட்டி, நம் குரலையே பதிவு செய்துகொள்ளக்கூடிய அறுபது வெற்று ஒட்டுவில்லைகள், கைப்பேசியில் இறக்கிக்கொள்ள ஒரு செயலி ஆகியவை இருக்கின்றன. விளம்பரத்தில் முன்னால் நிற்பவை பேனாவும் செயலியும். ஒட்டுவில்லைகளைப் பற்றிப் பெட்டியின் பின்புறத்தில் ஒற்றை வரிதான். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கும்போது அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றி அச்சிட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

பேனா செயல்படும் முறையை அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அதன் குறைகளும் அங்கிருந்தே பிறக்கின்றன. பக்கம் முழுவதும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்புள்ளிகள் அச்சிடப்பட்டுள்ளன. பேனாவின் முனையிலுள்ள சிறு உணரி அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி அந்தப் புள்ளிகளின் அமைப்பைப் படிக்கிறது. ஒவ்வோர் அமைப்புக்கும் உரிய ஒலிக்கோப்பைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்து ஒலிக்கிறது. படத்தின் வண்ண மைகள் அகச்சிவப்புக்கு ஏறக்குறைய ஒளிபுகுபவை. புள்ளிகளுக்கான மையில் கரி இருப்பதால் அது மட்டும் உணரிக்குக் கருப்பாகத் தெரிகிறது. எனவே பக்கத்தை நகலெடுத்தால் பயனில்லை. மற்றொன்றை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். மகன் பென்சிலால் அழுத்தி வண்ணம் தீட்டிய இடங்களில் பேனா ஊமையாகிவிட்டது, ஏனெனில் பென்சிலின் கரியும் அந்தப் புள்ளிகளைப் போலவே அகச்சிவப்பை விழுங்கிக்கொள்கிறது. ஒரு யானையும் இரண்டு பூனைகளும் இப்படி மௌனமாகிவிட்டன. அழிப்பானால் மெல்லத் துடைத்ததில் யானை மட்டும் மீண்டது.

படத்தையும் ஒலியையும் சேர்த்துக் குழந்தைக்கு அயல்மொழி கற்பிக்கும் எண்ணம் புதிதன்று. 1658இல் நூரம்பெர்க் நகரில் கல்வியாளர் கொமேனியஸ் வெளியிட்ட படநூல், லத்தீனும் ஜெர்மனும் அருகருகே இருக்க, எழுத்துகளைப் பெரும்பாலும் விலங்குகளின் குரலோடு தொடங்கி வைத்தது. அதில் முதலில் வருவது ‘ஆ ஆ’ என்று கரையும் காகம். அந்த நூலில் காகமாகக் கரைந்து காட்ட ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். இந்தப் பேனா அந்த ஆசிரியரை வேண்டாமென்று சொல்லிவிடுகிறது. வசதி அங்கேதான் இருக்கிறது, சிக்கலும் அங்கேதான்.

முதலில் வசதியைச் சொல்லிவிடுகிறேன். பேனாவில் பதிந்துள்ள குரல்கள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுடையவை. ஆண், பெண், சிறுவர் என மூன்று வகைக் குரல்கள் மாறி மாறி வருவதால், குழந்தை ஒரே குரலின் சாயலுக்குப் பழகிப்போவதில்லை. ஒரு சொல்லை நாற்பது முறை தொட்டாலும் நாற்பது முறையும் அது சலிப்பில்லாமல் சொல்கிறது. பெற்றோரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. மகனுக்கு மாடு கத்தும் பக்கத்தில் பதினைந்து நாள் குடியிருக்க வேண்டியிருந்தது. இருந்துவிட்டுப் போனான்.

ஆனால் ஒலியின் தரம் மொழிக்கு ஏற்றதாக இல்லை. பிரெஞ்சில் ‘நீ’ என்று பொருள்படும் சொல்லையும் ‘எல்லாம்’ என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘து’ ஆகிவிடும். முதற்சொல்லைச் சொல்வதற்கு, ‘இ’ சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே அதை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘உ’ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். குளியல், பெஞ்சு, ‘நல்ல’ ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று சொற்களும் ஒரே மெய்யொலியில் தொடங்கி, மூக்கின் வழியே ஒலிக்கும் உயிரொலியால் மட்டும் வேறுபடுகின்றன. பேனாவின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த மூன்றும் ஒன்றுபோலவே கேட்டன. நான் ஐந்து முறை தொட்டுப் பார்த்தும் பிரித்தறிய முடியவில்லை. ஹெட்ஃபோனைப் பொருத்திக் கேட்டபோது வேறுபாடு தெளிவாக விளங்கியது. பதிவு நன்றாகவே இருக்கிறது. அது வெளிவரும் வாய்தான் சிறியது. ஒலிகளைப் பிரித்தறியும் செவியைப் பழக்குவதே இளமையில் தொடங்குவதன் முதற்பயன் என்னும்போது, அந்த இடத்தில் சிக்கனம் பார்த்திருக்கக் கூடாது. வாங்குவோர் ஹெட்ஃபோன் துளை உள்ள பேனாவா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஒலியளவைக் குறைத்து வைக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

‘சிறு வயதில் எதையும் எளிதில் கற்பார்கள், முப்பதே நாளில் பேசத் தொடங்குவார்கள்’ என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரிதான் பெற்றோரை அதிகம் ஏமாற்றும். நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழி கற்ற, ஆங்கிலம் பேசுவோரை வயதுவாரியாகச் சோதித்து ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹோலே ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுடைய பிள்ளைகளும் பெரியவர்களுமே ஆவர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். இளையோருக்குள்ள சாதகம் நீண்டகாலத்தில், அதுவும் அந்த மொழி நாள்தோறும் காதில் விழும் சூழலில், சிறப்பாக உச்சரிப்பில் வெளிப்படுவது. நாளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் எங்கள் குழந்தைகள் பேனாவோடு செலவிட்டது முப்பது மணி நேரம். விழித்திருக்கும் நேரமெல்லாம் தாய்மொழியைக் கேட்கும் குழந்தைக்கு அது மூன்று நாள் கேள்விக்குக்கூடக் காணாது. மூன்று நாளில் எந்தக் குழந்தை பேசியது?

எங்கள் மகன் பேசவில்லை. ஏழு வாரம் ஒரு பிரெஞ்சுச் சொல்லும் அவன் வாயிலிருந்து வரவில்லை. தொகுப்புடன் வரும் முன்னேற்றக் குறிப்பேட்டில் ‘இன்று சொன்ன சொற்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது நாள்தோறும் வெறுமையாகவே கிடந்ததைப் பார்த்து, இவனுக்கு இது வேண்டாமோ என்றுகூட நினைத்துவிட்டேன். பிறகுதான் மகளின் ஆசிரியை, புதிய மொழிக்குள் நுழையும் பல குழந்தைகளுக்கு இப்படியொரு மௌனப் பருவம் உண்டென்றும், அப்போது அவர்கள் கேட்டுச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் விளக்கினார். சோதித்துப் பார்த்தோம். பெயரைச் சொன்னதும் சரியான படத்தைத் தொடு என்றபோது, இருபது படங்களில் பதினேழை அவன் தயங்காமல் தொட்டான். ‘இன்று புரிந்துகொண்ட சொற்கள்’ என்று இன்னொரு கட்டத்தை அச்சிட எவ்வளவு மை ஆகியிருக்கும்? அந்தக் குறிப்பேட்டை நாங்கள் அன்றோடு மூடி வைத்தோம்.

மௌனத்தைக் கலைத்தது ஆறாவது புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்கள். எழு, உட்கார், குதி, கதவைத் திற, மூக்கைத் தொடு என்று வெறும் கட்டளைகளாக வரும் பக்கங்கள் அவை. கட்டளையைக் கேட்டு உடலால் செய்துகாட்டிக் கற்கும் முறையை 1960களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வளர்த்தெடுத்தார். குழந்தை பேச வேண்டிய கட்டாயமில்லாமல் பொருளைப் புரிந்துகொண்டதைக் காட்ட முடியும் என்பதே அதன் அழகு. இங்கே பேனா கட்டளையிட, குழந்தைகள் குதித்தார்கள். இரண்டாம் நாள் மகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துக் ‘குதி’ என்பதைப் பிரெஞ்சில் சொன்னான். அவர் குதித்தார். அதன்பின் அரைமணி நேரம் அவரை நிற்க விடவில்லை. தான் சொன்ன சொல் ஒருவரைக் குதிக்க வைக்கிறது என்று கண்டவனுக்கு அதைச் சொல்லக் காரணம் கிடைத்துவிட்டது. எட்டுப் புத்தகங்களில் இதற்கு ஒதுக்கப்பட்டவை நான்கே பக்கங்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத கணக்கு. நாடுகளின் கொடிகளுக்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

பேனாவின் அடிப்படைக் குறையும் இதில்தான் தெரிகிறது. தொட்டால் அது பேசும். நாம் பேசினால் கேட்காது, நமக்காகக் காத்திருக்காது, தவறாகப் புரிந்துகொண்டு மறுபடி கேட்கவும் தெரியாது. 2003இல் பட்ரீசியா கூல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. ஒன்பது மாதமான அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்க வைத்தார்கள். நேரில் அமர்ந்து பேசியவரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைக் காணொளியிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகளிடம் அந்தப் பயன் தெரியவில்லை. அவை கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. எங்கள் பிள்ளைகளும் பதிவிலிருந்து சொற்களைக் கற்கத்தான் செய்தார்கள். ஆனால் நாங்கள் அருகில் அமர்ந்த நாட்களில் கற்றவையே நின்றன. அடுப்படியில் வேலை இருக்கிறது என்று பேனாவையும் அவர்களையும் தனியே விட்ட நாட்களில், பக்கத்துக்கு இத்தனை தொடல் என்று பந்தயம்தான் நடந்தது.

எழுத்தைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. புத்தகங்களில் முதற்பக்கம் தொட்டே படத்தின் கீழ் பிரெஞ்சுச் சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரியாத மகனுக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த மகளோ மேசையின் படத்துக்குக் கீழிருந்த சொல்லைக் கண்டதும், பேனா ‘தாப்ல்’ என்று சொல்லி முடிக்கும் முன்பே ‘டேபிள்’ என்று படித்துவிட்டாள். இரண்டு மொழிகளிலும் எழுத்துக்கூட்டல் ஒன்றே என்பதால் கண் செவியை முந்திக்கொண்டது. காகிதத் துண்டுகளால் எழுத்தை மறைத்து ஒரு மாதம் செவியை மட்டும் நம்பச் செய்த பிறகே உச்சரிப்பு வழிக்கு வந்தது. அந்த வேலையை வாங்கியவர் தலையில் கட்டாமல், முதலிரண்டு புத்தகங்களையேனும் எழுத்தில்லாமல் அச்சிட்டிருக்கலாம்.

படஅட்டைகளில் இதைவிடப் பெரிய பிழை இருக்கிறது. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயர்திணைக்குத்தான் ஆண்பால் பெண்பால் என்று பழகிய தமிழ்க் குழந்தைக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. சாதாரண நாற்காலி பெண்பால், கைவைத்த சாய்வு நாற்காலி ஆண்பால் என்று கேட்டதும் மகள் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்து காரணம் தேடினாள். காரணம் கிடையாது, சொல்லோடு அதன் முன்னே நின்று பாலைக் காட்டும் சிறுசொல்லான முன்னிணைப்பையும் சேர்த்தே மனத்தில் பதியவைப்பதுதான் வழி. புத்தகங்களில் பேனா முன்னிணைப்போடு சொல்கிறது. அட்டைகளிலோ அதை நீக்கிவிட்டு வெறும் சொல்லை மட்டும் சொல்கிறது. இருநூறு அட்டைகளும் இப்படித்தான். புத்தகங்களிலும் ஒரு நுட்பமான தவறு உண்டு. உயிரொலியில் தொடங்கும் சொற்களின் முன் அந்த முன்னிணைப்பு சுருங்கிவிடுவதால், ஆண்பாலான மரமும் பெண்பாலான பள்ளியும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. ‘ஒரு’ என்னும் பொருள் தரும் முன்னிணைப்பைப் பயன்படுத்தியிருந்தால் வேறுபாடு மறைந்திருக்காது. மொழி தெரிந்த ஒருவர் ஒருநாள் அமர்ந்து பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருப்பார்.

எண்கள் இருபதோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் போனால் எழுபதை ‘அறுபது பத்து’ என்றும், எண்பதை ‘நான்கு இருபது’ என்றும் சொல்லும் வினோதத்தைக் குழந்தைகள் ரசித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். தொண்ணூறுக்குள் நூறையும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரத்தையும் ஒளித்து வைத்திருக்கும் மொழியைப் பேசும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

பாடல்கள் நன்றாக இருக்கின்றன, குளிக்கும்போதும் பாடுகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பேச்சில் ஒலிக்காத சொல்லிறுதி உயிர், பிரெஞ்சுப் பாட்டில் தாளத்துக்காக ஒலிக்கும். பாடலில் கற்ற சொல்லை அப்படியே இழுத்துப் பேசும் பழக்கம் மகளுக்கு வந்து, வகுப்பில் திருத்தப்பட்டது.

அட்டைப்பெட்டியின் ஐந்து தடுப்புகள் எதற்கென்று கையேட்டில் எங்கும் இல்லை. 1972இல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறையை ஒட்டி அமைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குச் செல்லும். தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும். பின்னால் செல்லச் செல்லப் பார்க்கும் இடைவெளி நீளும். மறக்கத் தொடங்கும் வேளையில் நினைவூட்டினால் நினைவு உறுதிப்படும் என்பது அதன் அடிப்படை. மகள் இதைத் தபால் நிலைய விளையாட்டாக மாற்றிக்கொண்டாள். முதல் தடுப்புக்குத் திரும்பும் அட்டைகள் ‘முகவரி தவறிய கடிதங்கள்’. மூன்று மாதத்தில் நூற்றுப் பத்து அட்டைகள் ஐந்தாம் தடுப்பை எட்டின. முன்னிணைப்பை ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் நான் கையால் எழுதிவைத்த பிறகு.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்மீன்களும் பட்டாசுகளும் உண்டு. ஒருநாள் தவறினால் அழும் கரடி ஒன்றும் உண்டு. குழந்தையின் உச்சரிப்பைக் கேட்டு மதிப்பெண் இடும் பகுதியைத்தான் நம்ப முடியவில்லை. ஆசிரியை சரியென்று ஏற்ற உச்சரிப்புக்கு அது இரண்டு விண்மீன் தந்தது. அரைகுறையாக நான் சொன்னதற்கு நான்கு. பெரியவர்களின் குரலில் பழக்கப்பட்ட பேச்சுணர் நிரல்கள், தொண்டைக்குழல் குறுகி, சுருதி உயர்ந்து ஒலிக்கும் குழந்தைக் குரலில் தடுமாறுவது அறியப்பட்ட சிக்கல்தான். சரியாகச் சொன்ன குழந்தையைத் தவறென்று சொல்லும் கருவி, சொல்லாமலே இருப்பதைவிடக் கெடுதல் செய்கிறது. குழந்தையின் குரற்பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது என்ற விவரமும் எளிதில் கண்ணில் படும் இடத்தில் இல்லை. ஒரு மாதத்தில் செயலியை நீக்கிவிட்டோம். மற்றவை அது இல்லாமலே வேலை செய்கின்றன.

இனி ஒட்டுவில்லைகள். பேனாவின் பொத்தானை அழுத்திக்கொண்டு வில்லையைத் தொட்டுப் பேசினால் நம் குரல் அதற்கு உரியதாகிவிடும். வேண்டியபோது அழித்து மீண்டும் பதியலாம். தொடக்கத்தில் மகள் புத்தகத்தில் கேட்ட சொற்களைத் தன் குரலில் பதிந்து கதவிலும் மேசையிலும் சன்னலிலும் ஒட்டினாள். பதிவதற்கு முன் அவள் ஹெட்ஃபோனில் மூலத்தை மூன்று நான்கு முறை கேட்பாள், வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள், பதிந்ததைக் கேட்டு முகம் சுளிப்பாள், அழிப்பாள். எந்தப் பாடமும் அவளை இவ்வளவு கூர்ந்து கேட்க வைத்ததில்லை. மகனோ புத்தகக் குரலைவிட அக்காளின் குரலைத் தொட்டுக் கேட்பதையே விரும்பினான். மூன்றாம் மாதம் ஒருநாள், முதல் வாரத்தில் பதிந்த ‘நீ’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, ‘இது எல்லாம்னு கேக்குதே’ என்று மகளே சிரித்தாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அந்த வேறுபாடு அப்போதும் தெளிவாகப் பிடிபட்டிருக்கவில்லை. பழைய பதிவை அழிக்க வேண்டாம், பக்கத்திலேயே புதிதாக ஒன்றை ஒட்டு என்றேன். இரண்டும் இப்போது அலமாரிக் கதவில் அருகருகே இருக்கின்றன.

மின்கலம் முழுதாக நிரப்பினால் எங்கள் பயன்பாட்டுக்கு ஒரு வாரம் வருகிறது. பலமுறை கீழே விழுந்தும் பேனா உடையவில்லை. புத்தகங்களின் கட்டு அவ்வளவு உறுதியன்று. அதிகம் புரட்டிய இரண்டு புத்தகங்களின் நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன.

நாளைக்குக் கால் மணி நேரம் உடன் அமரக்கூடியவர் வீட்டில் இருந்தால் இந்தத் தொகுப்பை வாங்கலாம். அவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, தெரியாதவராக இருந்தால் குழந்தைக்குக் கொண்டாட்டமும்கூட. பிள்ளையைத் தனியே இருத்திவிட்டுக் கற்பிக்கும் கருவி என்று நினைத்து வாங்குவோர், அதைவிடக் குறைந்த செலவில் ஒரு நல்ல பொம்மை வாங்கிவிடலாம். பள்ளியில் மொழிவகுப்பு எதுவும் இல்லாத குழந்தைக்கு இது ஒன்றே போதாது. தனியாகக் கிடைக்கும் பொருள் வெற்று ஒட்டுவில்லைத் தாள் மட்டும்தான். இரண்டு தாள்கள் கூடுதலாக வாங்கியிருக்கிறோம். அதில் பாதியை மகன் தன்னுடையது என்று எடுத்து ஒளித்து வைத்திருக்கிறான்.